பிள்ளைகளைத் தேடிப் போன மிட்டாய்

நடுநிலை பிறழாமல் நாற்காலியை நிறைத்திருக்கும் மன்றத் தலைவர் எர்லீன் வெர்பெக் அம்மையார் அவர்களே! ஆஷ்கிரோவ் மண்ணின் மூத்தோரே! முன்வரிசைத் தாய்மார்களே! 'சீக்கிரம் முடி' என்று முகத்தாலேயே சொல்லும் என் மனைவி டாரத்தியே! அனைவருக்கும் இந்த ஆல்பர்ட் நோலனின் அன்பு வணக்கம்.

இன்று நம் முன் நிற்கும் கேள்வி என்ன? பிள்ளைகள் இல்லாமல் நம் தொடக்கப் பள்ளியை இந்தக் கோடையோடு மூடுவதா? சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் டெட்ராய்ட் நகரப் பிள்ளைகளுக்குக் கதவைத் திறப்பதா?

மாளிகை இருக்கிறது, மழலை இருக்கிறதா? புல்வெளி இருக்கிறது, புரண்டு விளையாட ஒரு பிள்ளை இருக்கிறதா?

என்ன சொல்கிறீர்கள் ஐயா? "வரி கட்டுறது நாமதானே"யா? ஆம், நாம்தான்! பூட்டிய பள்ளிக்குப் பக்கத்தில் உங்கள் வீட்டை யார் வாங்குவார், அதையும் சொல்லுங்கள்!

பிள்ளைகள் வேடமிட்டு வீடு வீடாக மிட்டாய் கேட்டுப் போகும் ஹாலோவீன், சென்ற ஆண்டு எப்படி நடந்தது, நினைவிருக்கிறதா? நகரத்துப் பிள்ளைகள் நம் தெருவுக்கு மிட்டாய் கேட்டு வருகிறார்கள் என்று, ஊரில் மிஞ்சியிருந்த நம் பிள்ளைகளுக்கு மட்டும் மஞ்சள் கைப்பட்டை கொடுத்தோம். பட்டை இல்லையேல் மிட்டாய் இல்லை! அதற்கு உரக்கக் குரல் கொடுத்தவர் என் பக்கத்து வீட்டு கிளெம் டெஸ்மெட். அவர் அனுமதியோடுதான் சொல்கிறேன்.

அன்று மாலை, கடற்கொள்ளையன் வேடமும், ஒற்றைக் கண்ணில் கறுப்புத் துணியும், மடியில் அண்டா நிறைய சாக்லேட்டுமாக வாசலில் உட்கார்ந்திருந்தார் கிளெம்.

"என்ன கிளெம், வியாபாரம் எப்படி?" என்றேன்.

"ஈ, காக்கா கூட வரலப்பா. வாசல் விளக்கு எரியுதான்னு ரெண்டு தரம் எழுந்து பாத்துட்டேன்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. திடீரென்று அண்டாவைத் தூக்கிக்கொண்டு எழுந்தார். சாலையைக் கடந்தார். நானும் பின்னால் ஓடினேன். அங்கே, வேடமிட்ட மகளோடு ரோண்டா என்ற தாய் நின்றிருந்தார். கிளெமை ஏற இறங்கப் பார்த்தார்.

"எந்தத் தெரு சார் நீங்க? கையில பட்டை எங்க?"

"பட்டையா... எனக்கா?"

"பட்டை இல்லாதவங்ககிட்ட நாங்க மிட்டாய் வாங்கறதில்ல சார்!"

கிளெம் அண்டாவோடு ஓரடி பின்வாங்கினார். பிறகு ரோண்டாவே வாய்விட்டுச் சிரித்து, இரண்டு கை நிறைய அள்ளிக்கொண்டார். ஆனால் அந்தச் சின்னப் பெண் சிரிக்கவில்லை. "ஏன் தாத்தா, உங்க ஊர்ல பிள்ளைங்களே இல்லையா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா" என்றார் கிளெம்.

தோழர்களே! அங்கே ஆலைகள் மூடியபோது இங்கே சன்னல் திரைகளை மூடினோம். அங்கே கடைகள் காலியானபோது இங்கே கதவைச் சாத்தினோம். இன்று காலியாவது யார் ஊர்? காத்திருப்பது யார் வாசல்? அவர்கள் வந்தால் நம் ஊர் கெடும் என்கிறோமே, அவர்கள் வராவிட்டால் ஊரே ஏது? அவர்களை வாழவைக்க அல்ல, நாம் வாழவே கேட்கிறேன்: திறப்போம் பள்ளியை! நிறைப்போம் வகுப்பை! அந்த இரைச்சலைக் கேட்டுக்கொண்டே கிழவனாகிவிட எனக்குப் பெரும் ஆசை!

பொறுமையோடு கேட்ட உங்களுக்கும், கடிகாரத்தைப் பார்க்காமல் இருந்த தலைவருக்கும் நெஞ்சார்ந்த நன்றி, வணக்கம்.

ஐயா கிளெம், கையை இறக்குங்கள்! வாக்கெடுப்பையே இன்னும் அறிவிக்கவில்லை. அதிலும் இரண்டு கையா? ஓர் ஆளுக்கு ஒரு வாக்குதான் ஐயா!