மூன்று ஆண்டும் ‘சுமார்’

என் பெயர், தகப்பனார் பெயர், முகவரி மேலே எழுதியபடி சரி. வயது ஐம்பத்தேழு. வரி அலுவலகத்தின் மூன்றாவது மாடியில், மேல்முறையீட்டுப் பிரிவில் கண்காணிப்பாளராக இருக்கிறேன். யாரும் மிரட்டவில்லை, நானாகவே சொல்கிறேன்.

இறந்துபோனவர் என் பிரிவில் பதினெட்டு வருடம் உதவியாளராக இருந்தார். காதில் எப்போதும் பென்சில் செருகியிருப்பதால் ஆபீசில் அவர் பெயரே பென்சில்தான். அவர் பார்த்த கோப்பை நான் மறுபடி பார்த்ததில்லை. சில வருடமாக, ஆண்டு மதிப்பீட்டில் ‘மிக நன்று’ வாங்கியவரை வெளியூரில் உள்ள தலைமையகத்துக்கு மாற்றிவிடுகிறார்கள். ஒழுங்காக வேலை செய்வதற்கு எங்கள் ஆபீசில் அதுதான் தண்டனை. மேற்படி பென்சிலின் மனைவிக்கு வாரம் இரண்டு முறை டயாலிசிஸ். ஆகவே அவர் என் மேசைக்கு வந்து, “சார், எனக்குச் சுமார்னே போட்டுடுங்க. அவள விட்டுட்டு நான் எங்க போறது” என்று கேட்டார். அதன் பிறகு மூன்று ஆண்டும் ‘சுமார்’ என்று எழுதிக் கையெழுத்திட்டேன். ஒவ்வொரு முறையும் இருவரும் சிரித்துக்கொண்டோம்.

அதன் பிறகு மறுசீரமைப்பு உத்தரவு வந்தது. தொடர்ந்து மூன்று ஆண்டு ‘சுமார்’ வாங்கியவர்கள் வீட்டுக்குப் போக வேண்டும். நான் ஆணையரின் அறைக்குப் போய், பென்சில் மாதிரி வேலைக்காரர் கிடைக்கமாட்டார் என்று சொன்னேன். “அப்ப நீங்க எழுதினது பொய்யா?” என்று அவர் கேட்டார். ஆமாம் என்றால் என் வேலையும் போய்விடும் என்று பயந்து, இல்லை என்று சொல்லிவிட்டு வந்தேன். குதிரை குப்புறத் தள்ளியதுமல்லாமல் குழியும் பறித்ததாம். பென்சிலுக்கு வந்த உத்தரவில் ‘திறமைக் குறைவு காரணமாக’ என்று வேறு எழுதியிருந்தது. மேசையைக் காலி செய்யும்போது அவர், “விடுங்க சார், நான்தான கேட்டேன்” என்றார். ஆணையரிடம் நான் சொன்ன பதில் அவருக்குத் தெரியாது.

அதன் பிறகு நாற்பத்தோராம் நாள், மனைவிக்கு உள்ளே டயாலிசிஸ் நடந்துகொண்டிருக்கும்போது, ஆஸ்பத்திரி நடைபாதை பெஞ்சில் மாரடைப்பு வந்து இறந்தார். துக்கம் கேட்கப் போன என்னிடம் அவர் மகள் அந்த உத்தரவை நீட்டி, “மாமா, அப்பாவுக்கு நெஜமாவே வேலை தெரியாதா?” என்று கேட்டாள். அப்பாவின் கோப்பு நகல் கேட்டு மனுப் போட்டிருப்பதாகவும் சொன்னாள்.

அதன் பிறகு, கடந்த திங்கட்கிழமை மதிய உணவு வேளையில் என் சாவியால் ஆவண அறையைத் திறந்து, மூன்று ‘சுமார்’களையும் அடித்து ‘மிக நன்று’ என்று எழுதிக்கொண்டிருந்தபோது ஆவணக் காப்பாளர் பார்த்துவிட்டார். போனவருக்கு இதனால் வேலை திரும்பாது என்று எனக்குத் தெரியும். அந்தப் பெண் அந்தக் கோப்பைப் படிக்கப்போகிறாளே என்பதால்தான் செய்தேன்.

ஆணையர் கேட்ட கேள்விக்கு இப்போது பதில் சொல்கிறேன். ஆமாம், மூன்று ஆண்டும் நான் பொய்தான் எழுதினேன். திங்கட்கிழமை எழுதியதுதான் நிஜம். இந்த வாக்குமூலத்தின் நகல் ஒன்றை அந்த மகளுக்குக் கொடுக்க வேண்டுகிறேன்.

படித்துக் காட்டக் கேட்டேன். எல்லாம் நான் சொன்னபடியே இருக்கிறது. ஓர் எழுத்தும் திருத்த வேண்டியதில்லை.

(கையெழுத்து)