அடி வழிக்காத ஜாடி

— பெத்த அப்பன் முதுகைத் தொட உனக்குக் கையுறை கேக்குதா?

— கேக்குது. குனிஞ்சு உக்காருங்கப்பா. பழைய கட்டு ஒட்டிக்கிட்டிருக்கு, நனைச்சுத்தான் எடுக்கணும்.

— உங்கம்மா இருந்திருந்தா வெறுங்கையாலதான் எடுத்திருப்பா.

— அம்மா இருந்திருந்தா இந்நேரம் அவங்களுக்கும் கட்டி வந்திருக்கும். அசையாதீங்க.

— ரெண்டு விரலை வச்சு ஒரு அமுக்கு அமுக்கினா முளை வெளிய வந்துடும். நீ பூப்பறிக்கிற மாதிரி தடவிக்கிட்டிருக்கே.

— அமுக்கக் கூடாதுன்னு டாக்டரம்மா உங்க முன்னாடிதானே சொன்னாங்க? சீழ் உள்பக்கம் இறங்கும். தம்பி தொடையில நீங்க அமுக்கினதுதான் கத்தி வரைக்கும் போச்சு.

— கத்தி வச்சது டாக்டர், பழி எனக்கா? நல்லா இருக்கு நியாயம். துடைச்சாச்சுன்னா ஜாடியை எடு. களிம்பைத் தடவிட்டு எந்திரிக்கிறேன். பட்டறையில மரம் வந்து இறங்கியிருக்கு.

— ஜாடி அலமாரியில இல்ல.

— இல்லன்னா?

— மத்தியானம் எடுத்துட்டேன். முதல்ல இந்தப் புண்ணை மூடிடறேன், அப்புறம் கத்துங்க.

— நான் எந்தக் காலத்துல கத்தியிருக்கேன்? கேட்டுக்கோ, அது எங்க தாத்தா கை வச்ச ஜாடி. வீட்டுக்குப் பெரியவனைத் தவிர ஒருத்தரும் அதுல விரல் விட்டதில்ல. நீ எப்படித் தொட்ட?

— கையுறை போட்டுக்கிட்டுதான்.

— கிண்டலா?

— இல்லப்பா. கிண்டல் பண்ற தெம்பு எனக்கு இல்ல. அக்குள்ல வந்தது ஆறல, கையைத் தூக்கித் தலை வாரக்கூட முடியல. இந்த வீட்ல ஒருத்தருக்கு ஆறினா இன்னொருத்தருக்குக் கிளம்புது. நாம என்னதான் செய்யல? ஊசி போட்டோம், மாத்திரை முழுங்கினோம், அந்த மருந்துக்கெல்லாம் அடங்காத கிருமின்னு வேற மருந்து குடுத்தாங்க. எல்லாரும் ஒண்ணா மூக்குக்குள்ள மருந்து தடவிக்கிட்டோம். கிருமிநாசினி போட்டுக் குளிச்சோம். ஆளுக்கொரு துண்டு, ஆளுக்கொரு சவரக்கத்தி. போர்வையெல்லாம் கொதிக்கிற தண்ணியில போட்டேன்.

— போட்ட சரி. மொட்டை மாடியில காயப்போட்டியா? தினம் இத்தனை போர்வை தொங்கினா தெரு என்ன நினைக்கும்னு நான் சொன்னதாலதானே மானம் தப்பிச்சுது?

— ஜன்னலைச் சாத்திக்கிட்டு நடுக்கூடத்துல ஈரத் துணிக்குள்ள குனிஞ்சு குனிஞ்சு நடந்தோமே, அந்த மானத்தைத்தானே சொல்றீங்க?

— நம்ம பட்டறையில செஞ்ச கட்டில் இல்லாத வீடு இந்தப் பக்கத்துல கிடையாது. சொறி பிடிச்ச குடும்பம் இழைச்ச கட்டில்னு ஒரு பேச்சு கிளம்பினா? அந்தப் பொண்ணு மருமகளா வர்ற வரைக்கும் நம்ம வீட்ல யாருக்கு என்ன இருந்துச்சு? முதியோர் இல்லத்துல கிடையில கிடக்கறவங்களைத் துடைச்ச கை. அங்கேர்ந்து கொண்டு வந்தா.

— துடைச்ச கைதான். கழுவத் தெரிஞ்ச கையும் அது ஒண்ணுதான். அவ வர்றதுக்கு முன்னாடியே நம்ம பட்டறை பாலிஷ்காரருக்குக் கழுத்துல வந்துச்சே, மறந்துட்டீங்களா? நீங்கதான் உக்கார வச்சுக் களிம்பு போட்டீங்க.

— என் ஆளு. நான் போடாம யார் போடுவா? உளி பட்ட கை எல்லாம் என்கிட்டதான் வரும். ஒருத்தனையும் வெளிய வைத்தியத்துக்கு விட்டதில்ல.

— அவர் இப்போ ஆஸ்பத்திரியில கிடக்கார். கிருமி ரத்தத்துல ஏறிடுச்சு. சம்சாரம் கூப்பிட்டாக் கூடக் கண்ணு திறக்கலையாம்.

— அவன் உடம்பைப் பார்த்துக்கிட்டதே இல்ல.

— சரிப்பா, அவரை விடுங்க. நம்ம எல்லார் மூக்குலேர்ந்தும் பஞ்சுல எடுத்துட்டுப் போனாங்களே, அதுல நம்ம எல்லாருக்கும் அந்தக் கிருமி இருக்கு. உங்க மருமகளுக்கு மட்டும்தான் இல்ல. இங்கேர்ந்து போனதும் அவளுக்கு ஒரு கொப்புளம்கூட வரல.

— பரிசோதனை தப்பா இருக்கும்.

— நானும் அப்படித்தான் நினைச்சேன். அதனாலதான் போன வாரம் ஜாடியிலேர்ந்தும் கொஞ்சம் எடுத்துக் குடுத்தேன்.

— யாரைக் கேட்டு?

— யாரையும் கேக்கல. மத்தியானம் டாக்டரம்மா கூப்பிட்டாங்க. நம்ம உடம்புல இருக்கற அதே கிருமி களிம்புல உயிரோட இருக்காம்.

— பேசாதே. எண்ணெயும் மெழுகும் கொதிக்கக் கொதிக்கக் காய்ச்சின மருந்து அது. எது உயிரோட இருக்கும் அதுல?

— காய்ச்சி எதும்மேல ஊத்தறீங்க?

— பழசு மேலதான். அடியில கொஞ்சம் விட்டு வைக்கணும். நல்லா ஆறவிட்டு அதும்மேல ஊத்தணும். அப்பதான் தாத்தா கை வச்ச மருந்து இன்னமும் அதுல இருக்கும். அடியை வழிச்சதே இல்ல.

— வழிச்சதில்ல, கழுவினதும் இல்ல. ஸ்பூன் போட்டா மருந்து செத்துடும்னு விரல்தான். பாலிஷ்காரர் கழுத்தைத் தொட்ட விரல் ஜாடிக்குள்ள. அங்கேர்ந்து தம்பி தொடைக்கு. திரும்ப ஜாடிக்கு. அங்கேர்ந்து என் அக்குளுக்கு. காலைல மூக்குக்குள்ள மருந்து வச்சுக் கிருமியைக் கொன்னோம், சாயங்காலம் வரிசையா உக்காந்து உங்க கையால திரும்ப ஏத்திக்கிட்டோம்.

— அப்போ நான் கிருமியை ஜாடியில போட்டு வளர்த்திருக்கேன்னு சொல்ற.

— தெரிஞ்சு செய்யல நீங்க.

— தெரிஞ்சா என்ன, தெரியாட்டி என்ன. வெளிய என்னன்னு பேசுவாங்க?

— வெளிய யார் சொல்லப்போறா? நீங்க ஒரே ஒருத்திகிட்டச் சொன்னாப் போதும். நிறைமாசக்காரியை அவங்கப்பா முன்னாடி, பட்டறை ஆளுங்க முன்னாடி வண்டியில ஏத்தி அனுப்பினீங்க, சீக்கு கொண்டு வந்தவன்னு.

— அந்த வார்த்தை நான் சொல்லல. குணமானதும் வான்னுதான் சொன்னேன்.

— குணமாயிட்டா. நம்மளை விட்டுப் போனதும் குணமாயிட்டா.

— அவங்கப்பன் என்ன பேசினான்? என் பொண்ணு கொண்டு வரல, உங்க வீட்லேர்ந்து எடுத்துக்கிட்டு வந்திருக்கான்னு என் மூஞ்சிக்கு நேரா சொன்னான். அந்த வாசப்படியை மிதிக்க மாட்டேன்னு நான் சொன்னது அதுக்குத்தான்.

— அவர் சொன்னது உண்மைதானேப்பா. பேரன் பிறந்த அன்னைக்கே தம்பி அங்கேர்ந்து முடிவா சொல்லிட்டான். அப்பா வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னா குழந்தையோட திரும்பி வரோம், இல்லன்னா வேற வீடு பார்த்துக்கறோம்னு. பேரன் உங்களுக்கு வேணுமா, வேணாமா? அதை மட்டும் சொல்லுங்க.

— வேணும்.

— இவ்வளவுதான். இதைச் சொல்ல இத்தனை நாள். சட்டையைப் போடுங்க, கட்டு முடிஞ்சுது. ஆனா உடனே வரச் சொல்லாதீங்க. நாம எல்லாரும் முதல்லேர்ந்து மருந்து எடுத்துக்கணும், இந்தத் தடவை ஜாடி இல்லாம. அது வரைக்கும் நம்ம கை குழந்தை மேல படவே கூடாதாம். பச்சைப்புள்ளைக்கு எதிர்த்து நிக்க உடம்புல ஒண்ணுமே இருக்காது, பாலிஷ்காரருக்கு வாரக்கணக்குல ஆனது குழந்தைக்கு ஒரே நாள்ல ஆயிடும்னு டாக்டரம்மா சொன்னாங்க. நல்லவேளை, நீங்க ரோஷத்தைப் பிடிச்சுக்கிட்டு அந்த வாசப்படி மிதிக்காம இருந்தீங்க. உங்க ரோஷத்துக்கு இன்னைக்கு முதல் தடவையா ஒரு கும்பிடு போட்டேன்ப்பா.

— தம்பிக்குப் போன் போடு.

— இப்பவே பேசறீங்களா? நிதானமா நாளைக்கு...

— குழந்தையைத் தூக்கிட்டு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடச் சொல்லு. காலைல அவங்கப்பன் வீட்டுக்குப் போயிருந்தேன். யார்கிட்டயும் சொல்லாதேன்னு அந்தப் பொண்ணுகிட்டக் கேட்டுக்கிட்டேன், அவளும் ஒரு குறை சொல்லாம புள்ளையை என் மடியில வச்சா. தொப்புள் ஈரம் காயாம இருந்துச்சு. நான்தான் ஜாடியிலேர்ந்து எடுத்துட்டுப் போன களிம்பை வச்சேன், இந்த விரலால.