பின்பக்கம் இல்லாமல் வந்த மயில்

சண்முகசுந்தரி, வயது 44, கணவர் பெயர் மணியன், கீழத்தெரு, பூம்பாறை, கொடைக்கானல் வட்டம், திண்டுக்கல் மாவட்டம் என்பவர் காவல் நிலையத்தில் தாமாக ஆஜராகிக் கொடுத்த மறு வாக்குமூலம்.

நான் மேற்கண்ட முகவரியில் என் கணவருடன் குடியிருந்து வருகிறேன். எங்களுக்குப் பூண்டு விவசாயம். அதுபோக வீட்டின் முன்னறையில் கம்ப்யூட்டர் எம்ப்ராய்டரி மிஷின் ஒன்று போட்டு, ஜாக்கெட்டுக்கும் துண்டுக்கும் பூவேலை செய்து கொடுத்து வருகிறேன். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. போன ஆடியில் என் கணவருக்குப் பக்கவாதம் வந்து, வலது கையும் பேச்சும் போய்விட்டன. வழக்குக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டீர்கள். சம்பந்தம் இருக்கிறது, பின்னால் வரும்.

என் கம்ப்யூட்டரைக் கெடுத்தாள் என்று பழனி ஸ்வேதா பேரில் புகார் கொடுத்தவள் நான்தான். கொடுத்த புகாரைத் திருப்பி வாங்க இது என்ன சந்தையா என்றீர்கள். புகாரைத் திருப்பி வாங்க நான் வரவில்லை. கெடுத்தவன் எவனோ அவனைப் பிடிக்கத்தான் வேண்டும். அது ஸ்வேதா இல்லை என்று சொல்லத்தான் வந்தேன்.

எங்களைப் போல மிஷின் வைத்திருப்பவர்களுக்கு ஊசிநூல் மன்றம் என்று இணையத்தில் ஒரு தளம் இருக்கிறது. வத்தலக்குண்டில் நூல் கடை வைத்திருக்கும் சேனாதிபதி அண்ணன் அதை நடத்தி வருகிறார். அதில் எழுதலாம், போட்டோ போடலாம். மிஷினுக்குக் கொடுக்கும் டிசைன் ஃபைலையோ ஜிப் ஃபைலையோ தளம் ஏற்றுக்கொள்ளாது. அந்த மாதிரி ஃபைலுக்குள் வைரஸை ஒளித்து அனுப்புகிறார்கள் என்று அடைத்து வைத்திருக்கிறார்கள். சிலர் ஃபைலின் பெயரை மாற்றி, போட்டோ என்று சொல்லி ஏற்றிப் பார்த்தார்கள். "வாசல்ல விடலேன்னா ஓட்டைப் பிரிச்சு இறங்குவீகளோ" என்று அண்ணன் அவர்களை மன்றத்தை விட்டே எடுத்துவிட்டார்.

அதன் பிறகு அவரே ஒரு வழி சொன்னார். ஃபைலை அவரவர் ஆன்லைன் கணக்கில் வைத்துக்கொண்டு, மன்றத்தில் இணைப்பை மட்டும் கொடுக்க வேண்டும். கொடுக்கும் முன் அந்த டிசைனைத் தானே ஒரு துணியில் தைத்து, துணியைத் திருப்பி, பின்பக்கத்தைப் போட்டோ எடுத்துக் கூடவே போட வேண்டும். முன்பக்கப் படத்தை எவரும் எங்கிருந்தும் திருடிப் போடலாம். நூல் முடிச்சும் பிசிறுமாகக் கிடக்கும் பின்பக்கம், தைத்தவளிடம்தான் இருக்கும். பின்பக்கம் இல்லாமல் வந்தால் போன் போட்டுக் கேட்காமல் திறக்கக் கூடாது. இதுதான் எங்கள் மன்றத்தின் வழக்கம்.

ஸ்வேதா என்பவள் பழனி அடிவாரத்தில் கடை வைத்திருக்கும் குமரகுருவின் மனைவி. பாதயாத்திரை வருகிறவர்களுக்குத் துண்டில் வேலும் மயிலும் போட்டுக் கொடுக்கிறாள். மன்றத்தில்தான் பழக்கம், நேரில் பார்த்ததில்லை. என்னை அக்கா என்பாள். அவளுக்குக் குழந்தை பிறந்த செய்தி கேட்டு, பால் நன்றாக ஊறட்டும் என்று மலைப்பூண்டு ஒரு பை பழனி பஸ்ஸில் கொடுத்துவிட்டேன்.

தைப்பூசத்துக்கு முன்னால், ஸ்வேதாவின் பெயரில் மன்றத்தில் ஒரு மயில் டிசைனின் இணைப்பு வந்தது. முன்பக்கப் படம் மட்டும் இருந்தது, பின்பக்கம் இல்லை. நான் அதைப் பார்க்காமல் இல்லை. பச்சை உடம்புக்காரி, மடியில் பிள்ளையை வைத்துக்கொண்டு துணியைத் திருப்பிப் போட்டோ எடுக்க நேரம் ஏது என்று நானே சமாதானம் செய்துகொண்டேன். போன் போட்டால் குழந்தையின் தூக்கம் கலையும் என்று போனும் போடவில்லை. வேறு யார் பெயரில் வந்திருந்தாலும் திறந்திருக்க மாட்டேன்.

அதன் பிறகு அதை இறக்கித் திறந்தேன். மயில் வரவில்லை. அது டிசைன் ஃபைலே இல்லை, எக்ஸி என்று முடிகிற வேறு ஃபைல் என்பதைப் பிறகுதான் கவனித்தேன். கம்ப்யூட்டரில் இருந்த எல்லாம் பூட்டிக்கொண்டு, பணம் அனுப்பினால்தான் திறக்கும் என்று இங்கிலீஷில் எழுத்து வந்தது. ஸ்வேதாவுக்குப் போன் போட்டேன், அணைத்து வைக்கப்பட்டிருந்தது. எனக்குக் கண்மண் தெரியாத கோபம். என் பூண்டைத் தின்றுவிட்டு என் குடியையே கெடுத்தாளா என்று தெருவில் நின்று கத்தினேன். அதன் பிறகு இங்கே வந்து அவள் பெயரைச் சொல்லிப் புகார் கொடுத்தேன். நீங்கள் போய் அவள் கம்ப்யூட்டரை எடுத்து வந்தீர்கள்.

ஜாக்கெட் டிசைன் போனதற்காக நான் அப்படிக் கத்தவில்லை. அவை போனால் வேறு வாங்கிக்கொள்ளலாம். பூட்டிக்கொண்ட கம்ப்யூட்டரில் ஒரு சேவல் டிசைன் இருந்தது. என் கணவர் சந்தைக்கு அனுப்பும் பூண்டு மூட்டை மற்றவர் மூட்டையோடு கலந்துவிடாமல் இருக்க, ஒவ்வொரு மூட்டையிலும் மார்க்கர் பேனாவால் ஒரு சேவல் வரைவார். முருகன் கொடியில் இருக்கிற சேவல் என்பார். பார்த்தால் காக்கை மாதிரி இருக்கும். கேலிக்காக நான் அதை அப்படியே டிசைனாக்கி மன்றத்தில் இணைப்புக் கொடுத்தேன். தைத்துப் பார்த்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். கொஞ்ச நாளில் இணைப்பை நானே எடுத்துவிட்டேன். மூட்டைகள் எல்லாம் சந்தைக்குப் போய்விட்டன. மன்றத்தில் கிடப்பது பின்பக்கப் போட்டோ மட்டும்தான். நான் தைத்து வைத்த துணியை மிஷின் துடைக்க எடுத்துக் கிழித்துவிட்டேன். இன்னொரு சேவல் வரைய அவருக்குக் கை இல்லை.

முந்தாநாள் காலையில் ஸ்வேதா கைக்குழந்தையோடு பழனியிலிருந்து பஸ் ஏறி, மலைச்சாலையெல்லாம் வாந்தி எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள். வந்தவளை உட்கார் என்றுகூட நான் சொல்லவில்லை.

"அக்கா, நான் அனுப்பலக்கா. பிள்ள பொறந்ததுல இருந்து மன்றத்துப் பக்கமே நான் போகல. போனையும் அவுகதான் அணைச்சு வச்சிருந்தாக, பிள்ள தூங்கட்டும்னு" என்றாள்.

"ஒம் பேர்லதான வந்துச்சு?" என்று கேட்டேன்.

"எவனோ பாஸ்வேர்டைக் களவாண்டுட்டான்க்கா. முன்ன மன்றத்துல நான் போட்ட பழைய மயில் படத்தையே எடுத்துப் போட்டிருக்கான், நீங்களே பாருங்க" என்று பையிலிருந்து ஒரு துண்டை எடுத்தாள். மயிலின் வாலருகே எண்ணெய்க் கறை இருந்தது. அந்தப் பொய் இணைப்போடு வந்த படத்திலும் அதே இடத்தில் அதே கறை இருந்தது. நான் கேட்காமலே துண்டைத் திருப்பிப் பின்பக்கத்தையும் காட்டினாள். எனக்கு அப்போதே பாதிக் கோபம் போய்விட்டது.

அதற்குள் குழந்தை அழுதது. அவள் ஒரு துணியை எடுத்துப் பூண்டு காயப்போட்டிருந்த தரையின் ஓரமாக விரித்துக் குழந்தையைப் படுக்க வைத்தாள். அந்தத் துணியின் மூலையில் என் வீட்டுக்காரரின் சேவல் இருந்தது. பார்க்கப் பார்க்கச் சிரிப்பு வந்ததால் பிள்ளைத் துணியில் போட்டேன் என்றாள்.

கட்டிலில் கிடந்த என் கணவர் தலையைத் திருப்பிப் பார்த்தார். ஆடிக்குப் பிறகு அவர் வாயிலிருந்து 'ம்' தவிர எதுவும் வந்ததில்லை. அவர் "சே... வல்" என்றார். வழக்கமாகக் கேலி செய்கிற மாதிரி, "காக்கா" என்றேன். அவர் கோபமாக, முன்னைவிடத் தெளிவாக, "சேவலு" என்றார். அதன் பிறகு நானும் ஸ்வேதாவும் அழுதோம். அழுததையெல்லாம் எழுத வேண்டாம் என்றீர்கள், நான் எழுதச் சொன்னேன்.

அதன் பிறகு அவளுக்குப் பூண்டுக் குழம்பும் சோறும் போட்டேன். சேனாதிபதி அண்ணனிடம் கேட்டதில், அன்று ஸ்வேதாவின் கணக்கில் நுழைந்தது வேறு ஏதோ ஊரிலிருந்து என்றார். தளத்தில் இருக்கும் அந்தப் பதிவின் நகலை உங்களிடம் தனியாகக் கொடுத்திருக்கிறார்.

சேவலைத் துணியிலிருந்து வெட்டித் தருகிறேன் என்று ஸ்வேதா கத்தரியை எடுத்தாள். பிள்ளை படுத்திருக்கிற துணி, வெட்டாதே தாயி என்று தடுத்துவிட்டேன். நீங்கள் எடுத்து வந்த அவள் கம்ப்யூட்டரில் அந்தச் சேவலின் ஃபைல் இருக்கிறது. அந்தக் கம்ப்யூட்டர் அவளுக்குப் பிழைப்பு, எனக்கு என் வீட்டுக்காரர் கை. கோர்ட்டு மூலமாகத்தான் திருப்பித் தர முடியும் என்றீர்கள். எத்தனை தடவை வரச் சொன்னாலும் இரண்டு பேரும் வருகிறோம். அதுவரை அதை ஈரம் படாத இடத்தில் வையுங்கள். இந்த மலையில் பூஞ்சை வெரசாக ஏறிவிடும். ஸ்வேதா இப்போது வெளியே பெஞ்சில்தான் குழந்தையோடு உட்கார்ந்திருக்கிறாள்.

நடந்ததை நடந்தபடி சொன்னேன். யாரும் சொல்லிக் கொடுத்தோ மிரட்டியோ சொல்லவில்லை. எழுதியதை வாசித்துக் காட்டினீர்கள். ஓரிடத்தில் 'பறவை உருவம்' என்று இருந்ததைச் சேவல் என்று திருத்தச் சொன்னேன், திருத்தினீர்கள். மற்றதெல்லாம் சரி.

(ஒப்பம்) ம. சண்முகசுந்தரி

என் முன்பாகப் பதிவு செய்யப்பட்டது. சாட்சி குறிப்பிட்ட குழந்தைத் துணி வெளியிலிருந்து வரவழைத்துப் பார்வையிடப்பட்டது. பின்பக்கமும் பார்க்கப்பட்டது. குழந்தை அழுததால் உடனே திருப்பிக் கொடுக்கப்பட்டது. துணியில் இருப்பது சேவல்.

(ஒப்பம்) சார்பு ஆய்வாளர்