பன்னிரண்டு புகார்கள்

— ஏம்மா, நம்ம கம்பெனிக்கு வர்ற கடிதத்தையெல்லாம் பிரிச்சு அடுக்கறது நீதானே? என்மேல பன்னெண்டு புகார் வந்திருக்குன்னு இன்னிக்குக் காலையில வேலையை விட்டுத் தூக்கிட்டாங்க. இருபது வருஷமா லிஃப்ட் மெக்கானிக். ஒருத்தர் முகம் சுளிச்சதில்ல. அந்தப் பன்னெண்டையும் கொஞ்சம் கண்ணுல காட்டு தாயே.

— உட்காருங்கண்ணே. இது முதல் கடிதம். "உங்கள் மெக்கானிக் ஒரு கொடுமைக்காரர். ஏழாவது மாடிக்கு யாரும் ஏறி வர மாட்டார்கள் என்று நிம்மதியாக இருந்தேன். இவர் கைவைத்ததிலிருந்து லிஃப்ட் பழுதாகவே மாட்டேன் என்கிறது. சொந்தக்காரர்கள் வந்து குவிகிறார்கள்."

— அது பாராட்டு தாயே!

— கொடுமைக்காரர்னு எழுத்துல இருக்கேண்ணே.

— செல்லமாத் திட்டறாங்க. உங்க வீட்ல குழந்தையைப் போக்கிரின்னு யாரும் கொஞ்சினதில்லையா?

— கொஞ்சுவாங்க. அதை ஃபைல்ல போட மாட்டாங்க. அடுத்தது. "இவருக்கு மனசாட்சியே கிடையாது. கொடுத்த டீ ஆறிப்போகும்வரை மோட்டாருக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தார். கண்டித்து வையுங்கள்." கண்டிச்சாச்சு.

— அடடா, எப்பேர்ப்பட்ட மூளை உனக்கு!

— நன்றிண்ணே.

— கிழிஞ்சுது போ. சரி, போன வாரம் சிறந்த மெக்கானிக்னு ஒருத்தனுக்குக் கேடயம் குடுத்தாங்களே, அவனுக்கு என்ன வந்துச்சு?

— முப்பத்தொரு பாராட்டு. இதைக் கேளுங்க. "இவர் புண்ணியத்தில் எட்டு மாதமாகப் படியேறுகிறேன். தொப்பை கரைந்துவிட்டது. இந்த மேதையை எங்கே பிடித்தீர்கள்?"

— எட்டு மாசம் லிஃப்ட் ஓடலைன்னு வயிறெரிஞ்சு எழுதியிருக்கான்!

— மேதைன்னு எழுத்துல இருக்கு.

— ஐயோ, சொல்றது ஒண்ணு, நினைக்கறது நேர்மாறு. பச்சைப் புள்ளைக்குக்கூடத் தெரியும். எந்திரி, மேனேஜர்கிட்ட போவோம். விவரம் தெரியாம மாத்தி அடுக்கிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லு. என் வேலை எனக்குத் திரும்பக் கிடைச்சிடும். உன்மேல எனக்குக் கோபமே இல்ல.

— கேடயம் வாங்கினவரு மேனேஜரோட மச்சான்ண்ணே. நாளையிலிருந்து உங்க இடத்துக்கு வர்றாரு.

— அப்போ... உனக்கு எல்லாமே புரிஞ்சுதான் இருந்திருக்கு.

— புரியாம இருக்கறதுக்குத்தாண்ணே எனக்குச் சம்பளம்.