தோன்யா ஓல்கா இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை

கூட்டத் தலைவர் அவர்களே! மேடையில் வீற்றிருக்கும் சான் ரோகே கால்பந்துக் கழக நிர்வாகிகளே! லீக் அலுவலகத்திலிருந்து வந்திருக்கும் பிரதிநிதிகளே! முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அன்புத் தம்பி ரூபென் அவர்களே! எதிரணிக்காரன் நம்மை ‘நாய்கள்’ என்று ஏசியபோது அந்த நாயையே கொடியில் வரைந்து தூக்கிக்கொண்டு போன ரசிகப் பெருமக்களே! வணக்கம் சொல்லிவிட்டேன். இதற்கு மேல் என்ன சொல்வதென்று வீட்டிலிருந்து நடந்து வரும்போதெல்லாம் யோசித்தேன். ஒன்றும் கூடிவரவில்லை.

தயவுசெய்து நாற்காலிகளை இழுக்காதீர்கள். புழுக்கம் எனக்கும்தான். விசிறி சுற்றுகிறதே தவிர காற்று வரவில்லை. கசாப்புக்கடை நெரி, பின்வாசல் பக்கம் பார்த்தது போதும். பின்கட்டில் கறி சுட நெருப்பு மூட்டியாகிவிட்டது, வாசனை இங்கேயும் வருகிறது. அதற்குள் இறந்தவரைப் பற்றி நாலு வார்த்தை பேச விடுங்கள்!

நம் ரசிகர் மன்றத்தின் தலைவி, மூலை மருந்துக்கடையின் உரிமையாளர், நாம் மரியாதையாகத் ‘தோன்யா’ என்று அழைத்த ஓல்கா பெந்தங்கூர் மறைந்துவிட்டார்! யார் மறைந்தார்? மழையில் நனைந்துகொண்டே வெளியூர் ஆட்டங்களுக்கு வந்த ஓல்கா மறைந்தார். கக்கத்தில் வெந்நீர் ஃபிளாஸ்க், கையில் மாத்தே தேநீர்க் குடுவை, பஸ்ஸில் டிரைவருக்குப் பின்னால் முதல் இருக்கை! அந்த இருக்கையில் உட்கார்ந்து நம்மைத் திரும்பிப் பார்த்த முகத்தை நம்மில் யார் மறக்க முடியும்? நடுவர் தவறு செய்தால் நடுவரைத் திட்டுவார். நடுவர் சரியாகச் செய்தால் நம்மைத் திட்டுவார்.

வெளியிலிருந்து வந்திருப்பவர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் மன்றத்தில் ஓட்டெடுப்பு என்பதே கிடையாது. சீசன் முடிந்ததும் எல்லோரும் இந்த மண்டபத்தில் கூடிப் பேசுவோம். அந்த சீசனின் சிறந்த ஆட்டக்காரர் யார் என்று அடித்துக்கொள்வோம். ஒரே ஒருவர் ஆட்சேபித்தாலும் பேச்சு முடியாது. கடைசி ஆளும் வாய்திறந்து ‘சரி’ என்ற பிறகுதான், பஸ் நிறுத்தத்துக்கு எதிரே இருக்கும் எங்கள் சுவரில் பெயர் ஏறும். அந்தக் கடைசி ஆள் எப்போதும் யார்? கேட்கிறேன், யார்?

ஓல்கா! ஆம், சத்தமாகச் சொல்லுங்கள். ஓல்கா!

ஒருமுறை இருமல் தாங்காமல் அவர் கடைக்குப் போனேன். மருந்துப் புட்டியை எடுத்து வைத்தார். மூடியின் மேல் கையையும் வைத்துக்கொண்டார்.

“நேத்து அந்த கோல்கீப்பர் மூணாவது கோலை எப்படி விட்டான்? அதுக்கு முதல்ல பதில் சொல்லு ஓமர், அப்புறமா இருமு.”

இருமிக்கொண்டே வாதாடினேன்! எனக்குப் பின்னால் நின்றவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். காய்ச்சல் குழந்தையோடு ஒரு பெண் உள்ளே வந்தாள். பேச்சை அப்படியே விட்டுவிட்டுக் குழந்தையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார், மருந்து கொடுத்தார், பணம் பிறகு பார்க்கலாம் என்றார். அவள் வாசலைத் தாண்டுவதற்குள் விட்ட இடத்தில் பிடித்தார்: “மூணாவது கோல்!” மருந்தை நான் வாங்கியபோது இருமலே நின்றிருந்தது.

அவருடைய எதிர்ப்பு வெறும் விளையாட்டு என்று நினைப்பவர்கள் அவர் மகன் ரூபெனைப் பாருங்கள். நாம் முதல் டிவிஷனுக்கு ஏறிய வருஷம். ஊரே ‘ரூபென், ரூபென்’ என்றது. பெற்ற தாய் மட்டும் எழுந்து நின்றார். என்ன சொன்னார்?

“மேலோ ஊர் ஆட்டத்துல கடைசி அரைமணி இவன் தடுக்கறதுக்குப் பின்னால ஓடியே வரல. மூச்சு வாங்குச்சுன்னு உங்ககிட்ட சொல்லியிருப்பான். நான் பெத்தவ. அவனுக்கு மூச்சு இருந்துச்சு.”

அந்த வருஷம் சுவர் வெறுமையாகவே நின்றது! அந்தக் கோடை முழுவதும் மகன் தாயோடு பேசவில்லை. ரூபென், நீ தலை குனியாதே, ஊருக்கே தெரிந்த கதைதான். அடுத்த சீசனில் நீ எப்படி ஓடினாய்! முன்னாலும் நீ, பின்னாலும் நீ. அப்போதும் அம்மா ஆட்சேபித்தார். ஆனால் அன்று மாலைக்குள் ‘சரி’ என்றார். அந்த நேரத்தில் உன் முகத்தைப் பார்த்தவன் நான். கோப்பையைத் தூக்கியபோதுகூட உனக்கு அந்த முகம் வரவில்லை.

தலைவர் அவர்களே, மணியைத் தொடாதீர்கள். இன்னும் விஷயத்துக்கே வரவில்லை.

இந்த சீசன். போன சனிக்கிழமை இதே மண்டபம். நாம் எல்லோரும் ஒரே பெயரைச் சொன்னோம்: மைக்கோல் பிரிஸ்! அவன் போட்ட கோல்களால்தான் கீழ் டிவிஷனுக்குப் போகாமல் தப்பித்தோம். அவனுக்காக அதிகம் கத்தியவன் யார்? நான்தான். ஓல்கா மட்டும் பின்னால் நின்று தடுத்தாடும் அல்சிதெஸ் மொரேய்ராவின் பெயரைச் சொன்னார். துறைமுக அணியோடு நடந்த ஆட்டத்தில் நம் வலைக்குள்ளேயே பந்தை முட்டித் தள்ளினானே, அந்த அல்சிதெஸ்!

மண்டபம் சிரித்தது. நெரி எழுந்து, “சேம்சைடு கோல் போட்டவனா? தோன்யா, இன்னிக்கு மாத்திரையை மாத்திப் போட்டுட்டீங்களா?” என்று கேட்டான்.

அவர் சிரிக்கவில்லை. “கோல் விழுந்ததும் நீங்கள்லாம் தலைல கைய வெச்சுக்கிட்டுக் கத்துனீங்க. நான் அவனைப் பார்த்தேன். பந்தை நடுவுல வெச்சதும் மொத ஆளா கையத் தூக்கி ‘எனக்குக் குடு’ன்னு கேட்டான். ஊரே அவனை ஏசுது, அவன் பந்து கேக்கறான்! உங்க மைக்கோல் பெனால்டியை வெளிய அடிச்ச அன்னிக்கு என்ன பண்ணான்? மிச்ச ஆட்டம் பூரா கோட்டோரமா ஒளிஞ்சுக்கிட்டான்.”

“பந்து கேட்டதுக்கெல்லாமா சுவத்துல பேரு எழுதுவோம்?” என்றேன் நான்.

“அதுக்குத்தான் எழுதணும். இன்னும் இருக்கு, மிச்சத்தை நாளைக்குச் சொல்றேன். கால் வலிக்குது.”

மறுநாள் காலை ரூபென் வந்து என் கதவைத் தட்டினான். அவன் சொன்னதைக் கேட்டதும் எனக்கு அழுகை வரவில்லை, நண்பர்களே. கோபம்தான் வந்தது! மிச்சத்தைச் சொல்லாமல் எப்படிப் போகலாம்? யாரிடம் போய்க் கேட்பேன்? அன்றிலிருந்து சாப்பிட உட்கார்ந்தாலும் அதுதான், படுத்தாலும் அதுதான். மிச்சம் என்ன? ஓல்கா, மிச்சம் என்ன?

இப்போது வெளியே சுவரில் ஏணி சாய்ந்திருக்கிறது. பெயின்டர் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறார். “ஆட்சேபிச்சவங்க போயாச்சு, இனி யாரு தடுக்கப் போறா?” என்று நெரி கேட்டான். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை, எனக்குத் தெரியும். நிர்வாகக் குழுவும் ஒரு முடிவு செய்திருக்கிறது. என் உரையின் முடிவில், தோன்யா ஓல்காவின் நினைவாக மைக்கோலின் பெயரை எழுத வேண்டும் என்று நான் அறிவிக்க வேண்டுமாம்.

அவர் நினைவாக, அவர் மறுத்த பெயரையா? இறந்து போனதை ‘சரி’ என்று எடுத்துக்கொள்வதா? இதுவா நாம் அவருக்குச் செய்யும் மரியாதை?

மைக்கோல், தம்பி, நீ என் ஆள். இன்றும் என் ஆள்தான். ஆனால் உனக்கு வேண்டியது வெறும் பெயின்டா, இல்லை ரூபெனுக்குக் கிடைத்த அந்த ‘சரி’யா? பதில் வேண்டாம். உன் முகம் சொல்கிறது.

யார் அங்கே எழுந்திருப்பது? அல்சிதெஸ்!

“தோன் ஓமர், விட்டுருங்க. மைக்கோல் பேரே இருக்கட்டும். அந்தம்மாவே போயிட்டாங்க. நானும் திங்கட்கிழமை சால்த்தோ ஊருக்குப் போறேன், மச்சான் தோட்டத்துல ஆரஞ்சு பறிக்க. கழகத்துல என்னை வேண்டாம்னுட்டாங்க. எனக்கு எதுக்குச் சுவரு?”

உட்கார்! இந்த மன்றத்தில் ஆட்டக்காரனுக்குப் பேச்சுரிமை கிடையாது. நீ சிறந்தவனா இல்லையா என்று உன்னிடம் யார் கேட்டார்கள்?

பெருமக்களே! எனக்கு முன்னால் பேசிய அனைவரும் அவருடைய பணியைத் தொடர்வோம் என்று சூளுரைத்தார்கள். எந்தப் பணியை? கொடி தைக்க ஆள் கிடைப்பார்கள். பஸ் பிடிக்க ஆள் கிடைப்பார்கள். இந்த ஊரே ஒரு பக்கம் சாயும்போது தனியாக எழுந்து ‘இல்லை’ என்று சொல்ல ஆள் எங்கே? அதுவல்லவா அவர் பணி! அதனால்தானே சுவரில் உள்ள ஒவ்வொரு பெயருக்கும் மதிப்பு!

ஆகவே, மன்றச் செயலாளர் ஓமர் தெச்சேராவாகிய நான், உங்கள் அனைவர் முன்னிலையிலும், மைக்கோல் பிரிஸின் பெயருக்கு ஆட்சேபம் தெரிவிக்கிறேன். அல்சிதெஸ் மொரேய்ராவின் பெயரை முன்மொழிகிறேன்!

கத்துங்கள், கத்துங்கள். நெரி, நீ சொல்வது காதில் விழுகிறது.

“உனக்குப் பைத்தியமா? மைக்கோல் மைக்கோல்னு தொண்டை கிழியக் கத்துனதே நீதானய்யா!”

ஆமாம், கத்தினேன்! அந்த வாதங்களையெல்லாம் எடுத்து என் மேலேயே வீசு. நல்ல வாதங்கள், நானே யோசித்துச் செய்தவை. என்னை மடக்க முடிந்தால் மடக்கு. என் வாயிலிருந்து ‘சரி’ வந்தால் மைக்கோல் பெயர் ஏறட்டும், முதல் ஆளாக நான் கைதட்டுவேன். அதுவரை ஏறாது! ஓல்கா சொல்லாமல் போன மிச்சம் எனக்குத் தெரியாது. என்னால் முடிந்த மிச்சத்தை நான் சொல்கிறேன்.

வழக்கமாக இந்த இடத்தில் இரண்டு நிமிடம் மௌனம் காத்துவிட்டுக் கலைவார்கள். அவருக்கு மௌனம் பிடிக்காது. எனவே கேள்வியை ஆரம்பிக்கிறேன், ஒவ்வொருவராகப் பதில் சொல்லுங்கள். தன் தலையில் பட்ட பந்து நம் வலைக்குள் விழுந்த பிறகு, அல்சிதெஸ் கையைத் தூக்கிப் பந்து கேட்டானே, அப்போது நாமெல்லாம் எங்கே பார்த்துக்கொண்டிருந்தோம்?