ஒற்றை வரிசைச் செவ்வந்தி

"அப்பா, அந்த ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைங்க."

நான் கேட்டது இவ்வளவுதான். அதைக் கேட்கவே கூடாது என்று அம்மா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள். அப்பாவுக்கு இழுப்பு, பூத்தூள் பட்டாலே மூச்சு முட்டும். ஆயுசு பூரா மாவு மில்லில் நின்று நெஞ்சைக் கெடுத்துக்கொண்டவர். அவர் அறை ஜன்னல் தோட்டத்தைப் பார்த்தது. அதனால் அது எப்போதும் சாத்தியே கிடக்கும்.

தோட்டத்தைப் பற்றித்தானே கேட்டீர்கள், இன்ஸ்பெக்டர். சொல்கிறேன். செவ்வந்தி வாங்கப் போகிறவர்கள் நிறத்தைப் பார்ப்பார்கள். பார்க்க வேண்டியது பூவின் நடுப்பகுதியை. பந்து மாதிரி அடுக்கடுக்காக இருக்கிற பூவில் இதழ்கள் நடுவை மூடிக்கொள்ளும், மகரந்தம் அவ்வளவாக வெளியே வராது. ஒற்றை வரிசை இதழ் என்றால் நடுவில் மஞ்சள் வட்டம் திறந்து கிடக்கும். விரல் பட்டாலே தூள் ஒட்டும். தாவரவியல் படித்தவளுக்கு இது பாலபாடம். எங்கள் குடும்பத்தில் காலேஜ் படி ஏறிய முதல் ஆள் நான்.

நாற்றுப் பண்ணைக்காரர் அடுக்குச் செவ்வந்தியைத்தான் நீட்டினார்.

"இதை எடும்மா. ஒத்தை எதுக்கு? பல்லு போன வாய் மாதிரி இருக்கும்."

"எனக்கு ஒத்தைதான் வேணும்ணே."

"சரி தாயே, படிச்ச பொண்ணுகிட்ட பேசி ஜெயிக்க முடியுமா?"

கூடவே வாங்கிய வயலட் பூச்செடியிலும் கவனமாக இருந்தேன். வாசனை இல்லாத வகைகளை ஒதுக்கினேன். செவ்வந்தி பூக்கிற சமயத்திலேயே பூக்கிற வகையாகத் தேடினேன். வயலட் வாசனைக்கு ஒரு குணம் உண்டு. முகர்ந்ததும் மூக்கு மரத்துப்போய் வாசனை காணாமல் போகும், கொஞ்சம் பொறுத்தால் திரும்ப வரும். முகர்ந்தவர் விடமாட்டார், தலையை நீட்டி நீட்டித் தேடுவார். நிழல் கேட்கிற செடி என்பதால் ஜன்னலுக்கு நேர் கீழே வைத்தேன். அதை அடுத்து, வெயில் விழுகிற இடம் முழுக்கச் செவ்வந்தி.

அப்பா கெட்டவர் இல்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் "என் பொண்ணு டிகிரி" என்பார். பட்டம் அவர் பெருமைக்கு, பாத்திரம் கழுவ நான். வெளியூர் விதைப் பண்ணையில் எனக்கு வேலை கிடைத்தது. "நீ போயிட்டா எனக்கு யாரு இருக்கா? என் நெஞ்சை வித்துத்தானே உன்னைப் படிக்க வச்சேன்?" என்றார். போகவில்லை. அடுத்த வேலைக்கும் அதே பேச்சு. அதற்கடுத்த வேலை வந்தபோது அவரிடம் நான் வாய் திறக்கவே இல்லை. நேரே நாற்றுப் பண்ணைக்குப் போனேன்.

எல்லாம் பூத்த பிறகுதான் ஜன்னலைத் திறக்கச் சொல்லிக் கேட்டேன்.

"உங்கம்மா வேண்டாம்னு சொல்வாளேடா."

"அம்மாவுக்கு என்னப்பா தெரியும்? நான் படிச்சிருக்கேன்ல?"

"அது சரி. புரொபசரம்மா சொன்னா அப்பீல் ஏது?"

சிரித்துக்கொண்டே திறந்தார். "அட, என்னமோ மணக்குதே... எங்க போச்சு?" என்று வெளியே குனிந்தார். மறுபடி குனிந்தார். சட்டைக் கையெல்லாம் மஞ்சள் தூள்.

பிறகு அந்தச் சத்தம். நெஞ்சுக்குள் யாரோ விசில் ஊதுகிற மாதிரி. அது இன்னும் நிற்கவில்லை. பஸ்ஸில் பக்கத்து சீட்டில் கேட்டது. வேலைக்குச் சேர்ந்த இடத்தில் தண்ணீர்க் குழாயில் கேட்டது. இப்போது நீங்கள் மூச்சு விடும்போதும் கேட்கிறது.

அலமாரியிலிருந்து இன்ஹேலரை எடுத்தேன். தருகிறேன் என்று நினைத்துக் கையை நீட்டினார். அதை என் துணிப்பைக்குள் போட்டுக்கொண்டேன். "பாப்பா," என்றார். அவரைக் கொல்ல வேண்டும் என்று நான் நினைத்ததே இல்லை. வேலைக்குப் போக வேண்டும் என்றுதான் நினைத்தேன்.

செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்து தெருக்கதவை மெதுவாகச் சாத்தினேன். ஓங்கிச் சாத்தினால் அவருக்குப் படபடப்பு வரும்.