பாதிரியார் வீட்டு மூலைத்தூண்

— இங்க தட்டுனா டொக்குங்குது. இங்க, தொப்புங்குது. கேட்டுச்சா துரை?

— கேட்டுச்சு டாப்செல். தச்சுவேல பாக்குற ஒங்களுக்குத் தெரியாததா? அறுநூறு வருஷத்து பாதிரியார் வீடு, எடத்துக்கு ஒரு சத்தம் வரத்தானே செய்யும்.

— வரும். மூலைத்தூணு அடியில வரக்கூடாது. வெளிச்செவுத்துல சிமெண்ட் யாரு பூசுனது?

— நாந்தான். லண்டன்லேந்து வந்த வருஷமே. சுண்ணாம்பு உதிந்துக்கிட்டே கெடந்துச்சு, சசெக்ஸ் மழை வேற.

— உதிரட்டும், அதான் அதோட வேல. ஈரத்த வாங்கி வெளிய விடும். நீங்க இந்த ஓக் மரத்தூணுக்கு மழக்கோட்டு மாட்டி, உள்ள தண்ணிய அடச்சிட்டீங்க.

— அட விடுங்க. பாதிரியாருங்க காலத்துல இதெல்லாம் யாரு பாத்தா?

— வருஷா வருஷம் சுண்ணாம்பு அடிச்சாங்க துரை. கடவுள நம்புனாங்க, மழைய நம்பல.

— நல்லா பேசுறீங்க. டீ ஆறுது, குடிங்க.

— டீயில மாவாட்டம் எதோ விழுந்திருக்கு. மேல யாரு நடக்குறது?

— ரொவீனா. எட்மண்ட தூங்க வெக்கிறா. பல்லு மொளைக்குது, காலையிலேந்து ஒரே அழுக.

— குழந்தை ரூமா அது? இந்தத் தூணு மேல வெளிய நீட்டிக்கிட்டு நிக்கிதே, அதா?

— ஆமா. தோட்டம் நல்லா தெரியும்.

— அந்த மாடிக்கதவு, முன்னாடி இறுகுமா?

— நீங்க எப்படி கண்டுபுடிச்சீங்க? ஆறு வருஷமா தோள் குடுத்துதான் தள்ளுவோம். நேத்துலேந்து தானா தொறக்குது. வீடு நம்மள ஏத்துக்கிச்சுன்னு ரெண்டு பேரும் சிரிச்சோம்.

— ஏத்துக்கல. எறங்குது.

— வெளையாடாதீங்க.

— இந்த வீட்டுல ஒரு ஆணி கெடையாது, மரத்த மரத்தோட பூட்டுறது எல்லாம் மரமுளைதான். தூணு எறங்குனா முளை ஒண்ணொண்ணா ஒடியும். டக்கு, கொஞ்சம் விட்டு டக்கு. பக்கத்து ஊர்ல ஒரு களஞ்சியம் அப்படித்தான் போச்சு, எல்லாரும் எலின்னு நெனச்சாங்க. குழந்தையத் தூக்கிட்டு வரச் சொல்லுங்க.

— இப்பதான் தூங்கிருப்பான். எழுப்புனா அவ என்னைய கொன்னுருவா.

— கொல்லட்டும். கூப்பிடுங்க. அவங்க நட ஏன் ஒரே எடத்துல, விட்டு விட்டு கேக்குது?

— தொட்டில் பக்கத்துல நிப்பா. சரி, மொறைக்காதீங்க. ரொவீனா! எட்மண்ட எடுத்துக்கிட்டு கீழ வா!

— தோட்டத்துல பட்டாணி பறிச்சிக்கிட்டு இருக்கேன் ஜைல்ஸ், கத்தாத. அவன் தூங்கி அரைமணி ஆச்சு, மேல தனியா கெடக்குறான்.